கடைசியாக என்ன மாற்றினீர்கள்?

“போர்டு போச்சு ஆன்ட்டி. புதுசு போட்டா 480 வெள்ளி.”

மலேசியாவின் கூலாயில் ஒரு கணினிக் கடை. பெயர் வேண்டாம். கடைத் தம்பி பக்கத்து மூடியைக் கழற்றினார், பொத்தானை இரண்டு முறை அழுத்தினார், காற்றாடி சுற்றுகிறது, திரையில் படம் வரவில்லை என்று பார்த்தார். பத்து நிமிடத்தில் தீர்ப்பு. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? அதை மட்டும் கேட்கவில்லை.

நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது முழுசாகத் தெரியாது. என் மகன் முந்தின இரவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த வேலை அது. “வேணாம் தம்பி, வீட்டுக்கே கொண்டு போறேன்” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போர்டு என்ற சொல்லைக் கேட்டு நான் பயப்படாததற்குக் காரணம் இருக்கிறது. 1984-ல் தோட்டத்து லயத்திலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறித் தெப்ராவுக்கு வேலைக்குப் போன பெண்களில் நானும் ஒருத்தி. ரேடியோ கேசட் போர்டுகள். முதலில் ஈயப்பற்று, பிறகு பழுது பார்க்கும் மேசை. அங்கே எங்கள் லைன் லீடர், ஒரு மலாய்க்கார அக்கா, எங்களை ஒரு விஷயத்துக்காகத்தான் திட்டுவார். ஒரு பாகத்தை மாற்றினால் உடனே சோதித்துப் பார், நோட்டில் எழுது, அப்புறம் அடுத்ததில் கை வை. இரண்டை ஒன்றாக மாற்றிப் போர்டு பிழைத்துக்கொண்டால் எது பிழைக்க வைத்தது என்று தெரியாது. பிழைக்காவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

மகனை உட்கார வைத்துக் கேட்டேன். “எத்தனை மாத்தின?”

“மூணு, மா.”

புரோசசர், மெமரி, எஸ்எஸ்டி. மூன்றும் ஒரே ராத்திரியில். புரோசசர் பழையது, சிங்கப்பூரில் வேலை செய்யும் கூட்டாளி சிம் லிம் ஸ்குவேரில் வாங்கி ஒரு வருஷம் ஓட்டிவிட்டு இவனுக்குத் தள்ளிவிட்டது. ரைசன் 5 5600. எங்கள் பெட்டியில் அதுவரை இருந்தது ரைசன் 5 2600. போர்டு 2018-ல் வந்த பி450 வகை. சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றே, ஏஎம்4. உட்கார்ந்ததும் சரியாகத்தான் உட்கார்ந்தது. அதனால் ஓடும் என்று நினைத்துவிட்டான்.

போர்டை உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் சிபியு என்று எழுதிய இடத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. கடைத் தம்பியின் கண்ணிலும் அது பட்டிருக்க வேண்டும்.

பழைய புரோசசரைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். ஏஎம்4 புரோசசரின் அடியில் 1,331 ஊசிகள். மேலே உள்ள காற்றாடிக் கட்டையை நேராகப் பிடித்து இழுத்தால், பசை காய்ந்திருக்கும்போது, பூட்டிய சாக்கெட்டிலிருந்து புரோசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளைந்துவிடும். தலைமுடி உலர்த்தும் கருவியால் கொஞ்சம் சூடு காட்டி, இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகித்தான் எடுத்தேன். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பழையதைப் போட்டோம். படம் வந்தது. “போச்சு” என்ற போர்டு, மற்ற இரண்டு புதுப் பாகங்களோடும் ஒழுங்காக வேலை செய்தது.

காற்றாடி சுற்ற மின்சாரம் போதும். படம் வர வேண்டுமானால் போர்டில் எழுதி வைத்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரலுக்கு அந்தப் புரோசசரை அடையாளம் தெரிய வேண்டும். 2018 போர்டில் இருந்த பயாஸுக்கு 2022-ல் விற்பனைக்கு வந்த புரோசசரை எப்படித் தெரியும்? போர்டு தயாரித்தவர்களே எந்தப் புரோசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பதிப்பை யுஎஸ்பியில் இறக்கி, பழைய புரோசசரை வைத்தே பயாஸைப் புதுப்பித்து, பிறகு புதியதைப் பூட்டினோம். அப்போது திரையில் ஓர் அறிவிப்பு: புரோசசர் மாறியிருக்கிறது, பாதுகாப்புச் சாவிகளை அழிக்கட்டுமா, “ஒய்”யா “என்”னா? மகனின் விரல் ஒய் மேல் போய்விட்டது. தட்டிவிட்டேன். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், ஒய் அழுத்திய பிறகு 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் அதைத் திறக்க முடியாது. முதலில் சாவியைத் தேடி எழுதி வைத்துக்கொண்டோம்.

இந்தச் சிக்கல் புரோசசர் செய்த ஏஎம்டிக்குப் புதிதே இல்லை. 2018-ல் இதே மாதிரி பழைய பயாஸோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு, புதுப்பித்துக்கொள்ள ஒரு பழைய புரோசசரை அந்த நிறுவனம் இரவலாகவே அனுப்பி வைத்தது. 2020 மே மாதம் பி450 போர்டுகளுக்கு அடுத்த தலைமுறைப் புரோசசர் கிடையாது என்று அறிவித்தது. பல போர்டுகளில் பயாஸ் சேமிக்க 16 மெகாபைட் இடம்தான், எல்லாப் புரோசசரின் விவரமும் அதில் அடங்காது என்பது அப்போது சொன்ன காரணம். வாங்கியவர்கள் கொதித்தெழவே, அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. அவர்கள் கொதிக்காமல் விட்டிருந்தால் என் மகனின் 5600 இந்தப் போர்டில் ஓடியிருக்காது.

கடைக்காரர்களிடம் எனக்குப் பகை இல்லை. வாடகை, கூலி, எல்லாம் ஏறிவிட்டது, எனக்குத் தெரியும். பரிசோதனைக் கூலி 40, 50 வெள்ளி கேளுங்கள், கொடுக்கிறோம். ஆனால் காரணம் கண்டுபிடிக்காத இடத்தில் விலை சொல்லாதீர்கள். என்ன சோதித்தீர்கள், எந்தப் பாகத்தை மாற்றிப் பார்த்தீர்கள் என்று ரசீதில் இரண்டு வரி எழுதுங்கள். கழற்றிய பழைய போர்டை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நான் போகவில்லை. ஒரு வெள்ளியும் இழக்காதவள் எதற்குப் போவது? ஆனால் அந்த 480 வெள்ளியைக் கட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணம் போக மாட்டேன் என்கிறது.

இனிமேல் இந்தக் கதை அடிக்கடி நடக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பெட்டிகளைத் தேற்றி ஓட்டப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மெமரி விலையோ ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் ஏறிக் கிடக்கிறது. மைக்ரான் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த மெமரி வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அந்த டேட்டா சென்டர்கள் எங்கே எழும்புகின்றன என்று கூலாய்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செடெனாக் பக்கம் ஒரு நடை போனால் போதும். செம்பனை நின்ற இடத்தில் அவை நிற்க, பக்கத்துத் தாமான்களில் நாம் பழைய மெமரிக்கு அலைகிறோம். பழைய பாகம் வாங்கும் காலத்தில் பொருத்தம் பார்க்காமல் பூட்டுவதும் கூடும், “போர்டு போச்சு” என்ற தீர்ப்பும் கூடும்.

மகனின் 2600 சும்மாதான் கிடக்கிறது, ஊசி ஒன்றுகூட வளையாமல், ஒரு பிஸ்கட் டின்னில். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது பி450 போர்டு இதே மாதிரி அடம் பிடித்தால், கடைக்குப் போகும் முன் வந்து இரவல் வாங்கிப் போகட்டும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.