சண்டை காணாத கோட்டை

பினாங்குக்குப் போய்வந்து பயணக் கட்டுரை எழுதும் நம்மவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஒரு பத்தியாவது இளைப்பாறாமல் நகருவதில்லை. கடற்காற்று, புல்தரை, பீரங்கியோடு ஒரு படம். கடைசியில், இந்தக் கோட்டை தன் ஆயுளில் ஒரு சண்டைகூடக் கண்டதில்லை என்று செல்லமாக ஒரு வாக்கியம். சாதுப் பசுவின் கழுத்தைத் தடவிக் கொடுக்கிற தோரணை! எனக்கு அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம்.

கோட்டை பூங்காவானதில் ஆட்சேபமே இல்லை. பீரங்கி நிறுத்திய இடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை கொரிப்பது மனித குலத்துக்கு முன்னேற்றந்தான். ஆனால், சண்டை போடாததெல்லாம் சாதுத்தனமாகிவிடுமா?

கெடா சுல்தான், நம்முடைய பழைய கடாரத்து மன்னர், சயாமுக்கு அஞ்சிப் படைத்துணை கிடைக்கும் என்று நம்பித்தான் தீவைக் கொடுக்க இசைந்தார். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றினார். இடம் கைக்கு வந்தது, துணை வரவில்லை. 1791-இல் தீவைத் திரும்பப் பெற முயன்ற சுல்தானைக் கும்பினிப் படை முறியடித்தது. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று பேசி முடித்தது. 1821-இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அகதிகள் கடலைத் தாண்டிப் பினாங்கில் வந்து குவிந்தார்கள். அப்போதைய சுல்தானும் தப்பி இங்கேதான் வந்தார். கோட்டைப் பீரங்கிகள் வாயைத் திறக்கவில்லை. குடக்கூலி கொடுத்தாயிற்று, வீட்டுக்காரன் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று குடித்தனக்காரன் திண்ணையில் சாய்ந்திருந்த கதை. இதையா ஐயா செல்லமாகச் சொல்வது?

அடுத்தது அந்தச் சுவர். முதலில் இருந்தது நிபோங் பனைமர வேலி. 1804 முதல் செங்கல்லும் கல்லுமாக எழுப்பினார்கள். எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 'கைதிகளைக் கொண்டு கட்டப்பட்டது' என்று சொல்லிவிட்டு நம் கட்டுரையாளர் ஸ்ரீ ரம்பை என்ற டச்சுப் பீரங்கிக்குத் தாவிவிடுகிறார். 1603-ஆம் ஆண்டுப் பீரங்கி. அதற்குப் பூ வைத்தால் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு பக்கம்; சுவர் எழுப்பியவனுக்கு மூன்றே சொல்!

பெயர் மட்டும் வங்காளத்தில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டிய கார்ன்வாலிஸ் பிரபுவுடையது. லைட்டுக்கோ 1936-இல் சிலையே வைத்தார்கள். அவர் முகம் எப்படியிருந்தது என்று காட்டப் படம் கிடைக்காமல், மகன் வில்லியமின் சாயலில் வடித்தார்களாம். முகம் தெரியாதவருக்குச் சிலை வைக்க வழி கண்டவர்கள், பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு கல் நட வழி காணக்கூடாதா?

அன்னிய நாட்டுக் கோட்டை, நமக்கென்ன என்று வாசகர்கள் ஒதுங்கவும் முடியாது. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1802-இல், தூத்துக்குடியிலிருந்து 70க்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குத் தீவுக்கென்று கப்பலேற்றினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவன். மீசை அரும்பும் வயது. பதினாறு ஆண்டு கழித்துப் பினாங்குக்கு வந்த வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரியின் முன்னால் தளர்ந்துபோன கிழவன் ஒருவன் வந்து நின்றான். அவன்தான் துரைசாமி. அப்போது அவனுக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். வெல்ஷோ சின்ன மருதுவிடமே ஈட்டி எறியக் கற்றவர். அந்தச் சந்திப்பில் தம் நெஞ்சு பட்ட பாட்டை அவரே எழுதி வைத்திருக்கிறார். எதிர்ப்படைக்காரனுக்குத் தோன்றியது நம் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

அடுத்து பினாங்குக்குப் புறப்படுகிறவர் யாராயினும், அந்தச் செங்கல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். புல்தரையைப் பற்றி நான் இதுவரை நாலு கட்டுரை படித்துவிட்டேன்.