லிமிட் போட்டால் சேஃப்பா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரோலிங் மில்கள் நிறைய. லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து, உருகி, கம்பியாகப் போகிறது. அங்கே நீங்கள் ஒரு காயலான் கடை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் போர்டு: 'கிலோ 30 ரூபாயிலிருந்து 40 வரை, அந்தந்த நேரத்து விலைக்கு வாங்குவோம், விற்போம். யார் வந்தாலும்.' விலை இறங்க இறங்க எல்லாரும் உங்களிடம் இரும்பைக் கொட்டுவார்கள். 30-ஐத் தொடும்போது கல்லா காலி, கடை முழுக்க இரும்பு. ஏறினால் தலைகீழ். 40-ல் சரக்கு தீர்ந்துவிடும். பிறகு 50 போனாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை.

கிரிப்டோ நாணயங்களை இடையில் ஆளில்லாமல் புரோகிராமே மாற்றித் தரும் 'யுனிஸ்வாப்' சந்தை, 2021 மே மாதம் தன் மூன்றாம் பதிப்பில் கொண்டுவந்த 'ரேஞ்ச்' இதுதான். இரண்டு நாணயங்களைப் பொதுக்குளத்தில் போட்டு, எந்த விலை முதல் எந்த விலை வரை என்று நீங்களே கோடு கிழிக்கலாம். கோட்டுக்குள் நடக்கும் வியாபாரத்தில் உங்களுக்குக் கமிஷன். கோட்டைக் குறுக்கினால் கமிஷன் கூடும். விலை வெளியே நழுவும் வாய்ப்பும் கூடும். நழுவினால் கமிஷன் பூஜ்யம்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். என் சண்டை, இதைத் 'தூங்கும்போதே வருமானம்' என்று விற்பவர்களோடு. "லிமிட் போட்டுட்டா சேஃப் சார்!" என்கிறார்கள். அந்த லிமிட் கமிஷனுக்கு ஐயா, நஷ்டத்துக்கு அல்ல! கீழ்க்கோட்டுக்கும் கீழே விலை போனால், விழுகிற நாணயம் முழுக்க உங்கள் தலையில். ஷேர் மார்க்கெட் ஸ்டாப்-லாஸுக்கு நேர் எதிர்.

2021 நவம்பரில் 17 குளங்களை ஆராய்ந்தார்கள். கமிஷன் 19.93 கோடி டாலர். நாணயத்தைச் சும்மா வைத்திருந்ததோடு ஒப்பிட்டால் இழப்பு 26.01 கோடி. ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சும்மா இருந்ததே மேல். (ஆய்வில் போட்டிச் சந்தையான பேன்கருக்கும் பங்குண்டு. அதையும் மனதில் வையுங்கள்.) போதாததற்கு, இங்கே 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

நிஜக் காயலான் கடைக்காரர் விலை சரிவதைப் பார்த்ததும் போர்டைக் கழற்றிவிடுவார். புரோகிராம் தானாகக் கழற்றாது. பெரிய கைகள் ராப்பகலாகக் கோட்டை நகர்த்த ஆள், மெஷின் வைத்திருக்கிறார்கள். தேர்வாய்கண்டிகையில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி எப்போது நகர்த்துவான்?

'சேஃப்' என்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கோட்டுக்குக் கீழே போனால் என் கையில் என்ன மிஞ்சும்?" பதிலுக்குக் கமிஷன் சதவீதத்தைக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.