தமிழில் பேசினால் போதுமா?

இரயில்வேயில் பொறியாளனாக அங்குலம் அங்குலமாக அளந்தே காலம் கழித்தவன் நான். பணி ஓய்வில் வந்த பணத்தைக் கொண்டு அடுகோடியில் வீடு தேடினேன். "நாமெல்லாம் ஒரே ஊர் சார், உங்களை ஏமாத்துவேனா? நாளைக்கே வேறொருத்தர் முன்பணம் தரார்" என்று அவசரப்படுத்தினார் தரகர். 1,200 சதுர அடி என்ற அந்தப் புது அடுக்குமாடி வீட்டை நாடா பிடித்து அளந்தேன். உள்ளே 860தான்! மீதி மாடிப்படியும் நடைவழியுமாம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் 'கார்ப்பெட் ஏரியா' எனும் உள்பரப்பைச் சொல்லியே விற்க வேண்டும். தரகருக்கும் பதிவு எண் வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது.

அன்பர்களே, தமிழர்தானே என்று கூச்சப்படாமல் பதிவு எண்ணைக் கேளுங்கள். நேர்மையான தரகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.