நாற்பது பேருக்கு எண்பது பேர் சமையல்



அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் தி. நகரிலும் நம்மவர் வீட்டு மொட்டைமாடிகளில் பார்பிக்யூ விருந்து இன்று பெருநாள் மாலையின் வழக்கமாகி வருகிறது. உறவினரும் அண்டை வீட்டாரும் கரியடுப்பைச் சுற்றி அமர்ந்து உண்பதில் குறை காண ஏதுமில்லை. குறையெல்லாம் அவ்விருந்துக்கு நாம் அளவு குறிக்கும் முறையில் இருக்கிறது. "மிஞ்சினாலும் பரவாயில்லை, குறைந்துவிடக் கூடாது" என்பதே நமது ஒரே சூத்திரம். அதற்கு விருந்தோம்பல் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். தட்டு காலியானால் சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்களோ என்னும் அச்சம் என்று சொல்வதே நேர்மை.

கணக்கைப் பாருங்கள். விருந்தினர் 40 பேர். அவர்களில் 10 பேர் சிறுவர். இரு சிறுவரை ஒரு பெரியவராகக் கொண்டால் 35 பங்கு. பங்குக்கு எலும்போடு 300 கிராம் கோழி என்றால் பத்தரைக் கிலோ. ரொட்டியும் காய்கறியும் தயிர்ப் பச்சடியும் சேர்ந்தால் எவரும் பசியோடு எழமாட்டார். நாம் செய்வது என்ன? 12 கிலோ கோழி, ஜாம் பஜாரிலிருந்து 4 கிலோ ஆட்டிறைச்சி, அதற்கும் மேல் "வெறும் பார்பிக்யூவில் வயிறு நிறையுமா?" என்று 4 கிலோ அரிசியில் பிரியாணி. ஒரு கிலோ அரிசிப் பிரியாணி பத்துப் பேருக்கு என்பது எந்தப் பிரியாணி மாஸ்டரும் சொல்லும் கணக்கு. அப்படியானால் பிரியாணி மட்டுமே நாற்பது பேருக்கு முழு உணவு. நாற்பது பேரை அழைத்து எண்பது பேருக்குச் சமைக்கிறோம்.

இதில் வேதனை என்னவெனில், வீணாக்க வேண்டிய தேவையே இல்லாத விருந்து பார்பிக்யூதான். பிரியாணியைத் தம் போட்டுவிட்டால் திரும்பப் பெற இயலாது. கரியடுப்பு அப்படியன்று. மசாலாவில் ஊறிய இறைச்சி குளிர்பெட்டியில் காத்திருக்கும். வந்தவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து அடுப்பில் ஏற்றலாம். எஞ்சிய பச்சை இறைச்சியை மறுநாளே குழம்பாக்கலாம். இவ்வளவு வசதி இருந்தும், மாலை ஆறு மணிக்கே அனைத்தையும் சுட்டு அடுக்கிவைக்கிறோம், மேசை நிறைந்து தெரியவேண்டும் என்பதற்காக!

அளவு பேசினால் உடனே ஒருவர் எழுந்து, "பரக்கத்தை எண்ணாதீர்கள், அகழ்ப் போரின்போது ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டு உணவு படைக்கே போதவில்லையா?" என்பார். அதே நிகழ்ச்சியை முழுமையாகப் படியுங்கள். ஜாபிர் (ரலி) வீட்டில் இருந்தது ஒரு ஸாஉ வாற்கோதுமையும் ஓர் ஆட்டுக்குட்டியும். அதனை அறிந்தே, நபி (ஸல்) அவர்களிடம் தனியாகச் சென்று, சிலரோடு மட்டும் வருமாறு அழைத்தார்கள். அவர்கள் அளந்தார்கள், உள்ளதைச் சொன்னார்கள். பரக்கத் அதன் பிறகே இறங்கியது, அதுவும் குறைவானதில். மிகையாகச் சமைத்துக் குப்பையில் கொட்டுவோர் அந்த நிகழ்ச்சியைச் சான்றுக்கு அழைப்பது எவ்விதத்தில் தகும்? இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியும் மிகையின் பக்கம் நிற்கவில்லை.

அடுத்த சாக்கு இதைவிட மோசமானது: "மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம்." பெசன்ட் நகரில் பல் மருத்துவர் ஈஸா ஃபாத்திமா ஜாஸ்மின் 2017இல் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் பொதுக் குளிர்பெட்டி ஒன்றை நிறுவினார். எவரும் உணவு வைக்கலாம், பசித்தவர் எவரும் எடுக்கலாம். நம் சமுதாயப் பெண்ணொருவரின் போற்றத்தக்க பணி அது. ஆனால், சென்னை வெக்கையில் ஐந்து மணி நேரம் திறந்து கிடந்த கபாபை இரவு பதினொரு மணிக்கு அங்கே கொண்டுபோய் வைப்பது தர்மமாகாது. நோயைப் பொட்டலம் கட்டித் தருவதாகும். செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவை மிகத் தீய உணவென்று ஹதீஸ் கண்டிக்கிறது. ஏழைக்குப் பங்கு தர விரும்புவோர் அவரைப் பட்டியலிலேயே சேர்க்கட்டும். அல்லது அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு முதல் தட்டை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைகளுக்கும் அடுக்ககக் காவலாளிக்கும் அனுப்பட்டும்.

கொட்டப்படுவது எங்கே போகிறது என்பதையும் அறிவோம். தென்சென்னையின் குப்பை நெடுங்காலமாகக் குவிந்த இடம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி. 2022 ஏப்ரலில் அக்கிடங்கு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. அதே 2022இல் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளின் பங்கு என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. உணவகங்களைவிட வீடுகளே முன்னிற்கின்றன! அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்ண அனுமதிக்கும் அதே இடத்தில் விரயத்தை விலக்குவதை நாம் மேடைகளில் ஓதுகிறோம்.

பழியை விருந்தளிப்பவர்மீதே சுமத்துவதும் நீதியன்று. எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டால் "இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்" என்று நழுவுகிறோமே, அதற்கு என்ன பெயர்? இறைவன் நாடினால் வருவேன் என்ற உறுதிமொழியை, வரமாட்டேன் என்பதன் நாகரிக வடிவமாக்கிவிட்டோம். வருபவர் ஆறா மூன்றா என்று தெரியாத வீட்டுக்காரர் ஆறுக்குச் சமைக்காமல் வேறென்ன செய்வார்? அழைப்பு வந்த இரண்டு நாளுக்குள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். மாறினால் முந்தின நாளே தெரிவியுங்கள். வர இயலாதெனில், இயலாது என்றே சொல்லுங்கள்.