கோதாவை மூடினால் காலித்தனம் ஒழியுமா?

'ரோஷமான குத்துச்சண்டை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட விளம்பரங்கள் ராயபுரத்துச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், காசிமேட்டுக் கடலில் வலை வீசியவரும், ஆலையிலும் பட்டறையிலும் உழைத்தவரும் மாலையானதும் கோதாவைச் சுற்றிக் கூடினர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கன் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்னும் பெயர்கள் அந்த ஜனங்களுக்குச் சொந்தக் குடும்பப் பெயரைப்போல் பிரியமானவை. இன்று அந்த விளம்பரங்களும் இல்லை. அந்தக் கோதாவும் இல்லை. சங்கங்களின் மேற்பார்வையில் அமெச்சூர் போட்டிகள் நடைபெற்று வருகின்றன என்பது மெய்யே. ஆனால் தெருத்தெருவாக ஜனங்கள் திரண்டு வந்து பார்த்த பரம்பரைச் சண்டைகள், அடிக்கடி விளைந்த கலகங்களின் காரணமாக அதிகாரிகளின் அனுமதியை இழந்து, 1990-களில் வடசென்னையை விட்டு மறைந்துபோயின.

2021-ஆம் ஆண்டில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வெளிவந்தபோது, தமிழ்நாடு முழுவதும் அந்தப் பழைய நாட்களைப் பற்றிச் சில வாரங்கள் பேசிற்று. பேச்சு ஓய்ந்துவிட்டது, அதில் அடங்கியிருந்த கேள்வி ஓயவில்லை. ஒரு விளையாட்டைப் பார்க்க வந்தவர்களில் சிலர் காலித்தனம் செய்தார்கள் என்பதற்காக அந்த விளையாட்டையே ஒரு வட்டாரத்தின் கையிலிருந்து பறித்துவிடுவது நியாயமா? இதற்கு நமது விடையை இன்று தயக்கமின்றிச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். காலித்தனம் நடந்தது வாஸ்தவம். தன் பரம்பரையைச் சேர்ந்த வீரன் கீழே விழுந்தால், தானே விழுந்ததுபோல் துடித்த ரஸிகன், நடுவரின் தீர்ப்பைக் கேட்கப் பொறுமையின்றி நாற்காலியைத் தூக்கினான். கோதாவுக்குள் நடந்த சண்டைக்கு விதியும், கையுறையும், மணியோசையும் இருந்தன. கோதாவுக்கு வெளியே நடந்த சண்டைக்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. ரோஷம் என்பது அடி வாங்கியும் எழுந்து நிற்பவனுக்கு உரிய குணம். டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவன் அதைக் கடன் வாங்கிக்கொண்டு அயலான் மண்டையை உடைப்பது வீரமாகாது. இதை நாம் கண்டிக்கிறோம். ஏழையின் கோபம் என்று சொல்லி இதற்குச் சமாதானம் கூறுபவர்களோடு நாம் சேரமாட்டோம். கலகத்தில் அடிபட்டவனும் ஏழையே அல்லவா?

ஆனால் இந்தக் குற்றம் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் மட்டுமே உரியதுபோலப் பேசுவது பெரும் அபாண்டம். கி.பி. 59-ஆம் ஆண்டிலேயே, இத்தாலியில் பாம்பெயி நகரத்து வட்டரங்கில், உள்ளூராருக்கும் பக்கத்து நுகேரியா ஊராருக்கும் வாய்ச்சண்டை கல்லடியாகிப் பின்பு வாள்வீச்சாக முடிந்தது. ரோமாபுரி ஆட்சியினர் அந்நகரத்தில் அத்தகைய காட்சிகளைப் பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்தனர். நமது அதிகாரிகள் கையாண்ட மருந்து எவ்வளவு பழையது என்பதை இதிலிருந்து அறியலாம். பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்பும் ஐரோப்பாவில் நோய் தீரவில்லை. 1985-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி, பெல்ஜியம் தேசத்து ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் அணியின் ரஸிகர்கள் யுவெண்டஸ் அணியின் ரஸிகர்கள் மேல் பாய்ந்ததனால் ஏற்பட்ட நெரிசலிலும், இடிந்து விழுந்த சுவரிலும் 39 பேர் மாண்டனர். நாகரிகத்தின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஆங்கில நாட்டின் அணிகள், அதன் பயனாக ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் நுழையாதபடி விலக்கி வைக்கப்பட்டன.

நமது தேசத்துக்குள்ளேயே பார்ப்போம். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிகள் மோதிய தினத்தில், ரஸிகர்களிடையே மூண்ட கலகத்தில் 16 உயிர்கள் பலியாயின. அதே மைதானத்தில் 1967 ஜனவரி முதல் தேதியன்று, மேற்கிந்தியத் தீவு அணியுடன் நடந்த கிரிக்கெட் டெஸ்டின்போது, இடத்துக்கு மீறி ஜனங்களை உள்ளே விட்டதால் குழப்பம் விளைந்து, தடியடியும் தீவைப்பும் நிகழ்ந்தன. 1996 மார்ச்சு 13-ஆம் தேதி உலகக் கோப்பை அரை இறுதியில், இந்தியா 8 விக்கெட்டுகளை இழந்து 120 ஓட்டங்களோடு தத்தளித்தபோது, பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி அளிக்கப்பட்டது. 1999 பிப்ரவரியில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்டின் கடைசி நாளில் பார்வையாளரை வெளியேற்றிவிட்டு, காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு ஈடன் தோட்டத்தின் கதவை யாரேனும் நிரந்தரமாகப் பூட்டினார்களா? வங்காளிகளுக்கு இனிக் கிரிக்கெட்டும் வேண்டாம், கால்பந்தும் வேண்டாம் என்று எந்தச் சர்க்காராவது சொல்லிற்றா? இல்லை, சொல்லாதது சரியே. வெற்று இருக்கைகளைக் கண்ட அதே மைதானத்தில்தான், இரண்டே ஆண்டுகளுக்குப் பின்பு, 2001 மார்ச்சில், லக்ஷ்மண் 281 ஓட்டங்கள் அடித்து, தோல்வியின் வாயிலிருந்த இந்தியாவை ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கரையேற்றினார். கதவைப் பூட்டியிருந்தால் அந்தப் புகழ் அம்மைதானத்துக்கு ஏது? அங்கே வேலி உயர்ந்தது, சோதனை பலப்பட்டது, நிர்வாகம் மாறிற்று; விளையாட்டு நிலைத்தது. ராயபுரத்தில் விளையாட்டுதான் போயிற்று. கோட்டும் சூட்டும் அணிந்த சங்கங்களின் கையில் இருக்கும் ஆட்டத்துக்கு ஒரு நீதி, கைலி கட்டிய தொழிலாளியின் ஆட்டத்துக்கு வேறொரு நீதியா என்று வடசென்னைவாசி கேட்டால், நம்மால் என்ன பதில் சொல்ல முடியும்?

படித்த ஜனங்கள் கூடும் இடத்தில் ஒழுங்கு தானாக வரும் என்பார் சிலர். அவர்கள் சேப்பாக்கத்தை உதாரணம் காட்டுவர். 1999 ஜனவரி 31-ஆம் தேதி, பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்றபோது, சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டி, வென்ற அணியை மைதானம் சுற்றி வரச் செய்து கௌரவித்தார்கள். உலகம் மெச்சிய செயல் அது. சென்னைப் பட்டணம் என்றைக்கும் பெருமை கொள்ளலாம். ஆனால் அதே சுற்றுப்பயணத்தில் கலகம் செய்த கல்கத்தா ரஸிகர்கள் படிக்காதவர்களா? அங்கேயும் வக்கீல்களும், ஆசிரியர்களும், குமாஸ்தாக்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? ஆகவே ஒழுங்கும் காலித்தனமும் படிப்பினாலோ பிறப்பினாலோ வருவனவல்ல. கூட்டம் எப்படி அனுமதிக்கப்படுகிறது, யார் அதை நடத்துகிறார், தோல்வியை எப்படி ஏற்பது என்று அக்கூட்டத்தின் பெரியவர்கள் என்ன கற்பித்திருக்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே அவை வருகின்றன.

எல்லாக் குற்றத்தையும் கூட்டத்தின் தலையில் சுமத்துவதிலும் அபாயம் உண்டு. 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர் உயிரிழந்தனர். குடித்துவிட்டு வந்த ரஸிகர்களே காரணம் என்று போலீஸ் தரப்பில் பழி கூறப்பட்டது. 27 ஆண்டுகளுக்குப் பின்பு, 2016-ஆம் ஆண்டில்தான், ரஸிகர்கள்மேல் குற்றமில்லை என்று விசாரணை ஜூரி தீர்ப்பளித்தது. 1964-இல் பெரு தேசத்து லிமா நகரிலும், 2022 அக்டோபரில் இந்தோனேஷியாவின் கஞ்சுருகான் மைதானத்திலும் நடந்தவை இதைவிடக் கொடியவை. ரஸிகர் சிலர் மைதானத்துக்குள் இறங்கியதும் போலீஸார் கண்ணீர்ப் புகையை வீசினர். வெளியேறும் வழிகள் அடைபட்டும் நெருக்கமாகவும் இருந்ததால், லிமாவில் முந்நூறுக்கு மேற்பட்டவரும், கஞ்சுருகானில் 135 பேரும் மடிந்தனர். காலிகள் செய்த தீங்கு சிறிது. அதை அடக்க முயன்ற விதத்தால் விளைந்த தீங்கு பெரிது.

குத்துச்சண்டை மறைந்ததால் வடசென்னைக்கு நேர்ந்த நஷ்டம் ஒரு பொழுதுபோக்கு போனதோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரரிடமும் ஆங்கிலோ-இந்தியரிடமும் கண்டு கற்ற வித்தையைக் கொண்டே, அவர்களைக் கோதாவில் எதிர்த்து நின்றவர்கள் இந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள். சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து என்ற பெயர் அவ்வழியில்தான் நிலைபெற்றது. அடிமை நாட்டின் கூலிக்காரன் ஆளும் இனத்தானைச் சம விதிகளின் கீழ் சந்திக்கக்கூடிய இடம் அக்காலத்தில் வேறு எது இருந்தது? 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை நடத்தியபோது, அவரை இந்த ஜனங்கள் தங்களில் ஒருவராகவே பாவித்தார்கள். விடியற்காலையில் கடற்கரையில் ஓடி, வாத்தியாருக்கு அடங்கி, குடியை விலக்கி, ஆகாரத்தில் கட்டுப்பாடு காத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த ஒழுங்கைக் காட்டும் மேடை இல்லாமல் போயிற்று. மேடை போனாலும் தோள்வலி போகவில்லை. அதைக் கூலிக்கு அமர்த்தத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. காலித்தனத்தை ஒழிக்கிறோம் என்று கோதாவை மூடியவர்கள், காலிகளைத் தேடுவோருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். பின்பு சினிமாவும் பத்திரிகையும் 'வடசென்னை என்றால் ரவுடி' என்று முத்திரை குத்த, எண்ணூரிலிருந்து வேலை தேடிப் போகும் யோக்கியமான இளைஞனும் அந்த முத்திரையைச் சுமக்கிறான்.

தடையை நீக்கி ஒழுங்கை விதிக்கும் வழி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஜல்லிக்கட்டை 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தடை செய்தது. 2017-இல் ஜனங்கள் மெரினாவில் திரண்டனர், சட்டம் திருத்தப்பட்டது. இன்று வீரர் பதிவு, வைத்தியப் பரிசோதனை, வேலிக்கட்டு ஆகிய நிபந்தனைகளோடு அலங்காநல்லூரில் காளைகள் ஓடுகின்றன. 2023-இல் கோர்ட்டும் அந்தச் சட்டத்தை ஏற்றது. அங்கே தடைக்குக் காரணம் பிராணிகளின் துன்பம். இங்கே காரணம் கலகம். காரணம் வேறாயினும் பாடம் ஒன்றே. மதுரைச் சீமையின் விளையாட்டுக்குக் கிடைத்த பரிவு, ராயபுரத்து விளையாட்டுக்கு ஏன் கிடைக்கலாகாது?

ஆகவே நாம் கோருவது இது. பரம்பரைக் குத்துச்சண்டைக்கு வடசென்னையில் மீண்டும் அனுமதி அளிக்க வேண்டும். இருக்கைக்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்கலாகாது. வெளியேறும் வழிகள் அகலமாகவும் திறந்தும் இருக்க வேண்டும். எந்தப் பரம்பரையையும் சேராத நடுவர்களும், கோதாவருகே வைத்தியரும் இருப்பது கட்டாயமாக வேண்டும். பந்தயச் சூதும் மதுவும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். ஆங்கில நாட்டார் தங்கள் அவமானத்துக்குப் பின்பு, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், குற்றம் ருசுவான தனிமனிதனை ஆட்டக்களத்துக்குள் வராதபடி விலக்கி வைக்கக் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் அளித்தார்கள். கால்பந்தை அவர்கள் மூடவில்லை. அந்த வழியை நாமும் மேற்கொள்ளலாம்: நாற்காலி எறிந்தவனுக்கு ஆண்டுக்கணக்கில் பிரவேசம் இல்லை; எறியாத ஆயிரம் பேருக்குக் கதவு திறந்திருக்கும்.

அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம். பரம்பரைகளின் வாத்தியார்களுக்கும் ரஸிகர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று மிஞ்சுகிறது. அனுமதி கிடைக்கும் முதல் இரவிலேயே உங்கள் மானம் சோதிக்கப்படும். உங்கள் வீரன் தோற்கலாம், நடுவர் தவறலாம். அப்போது உங்களில் ஒருவன் கை ஓங்கினால், அக்கையை முதலில் பிடிக்க வேண்டியவன் போலீஸ்காரன் அல்லன். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நீங்களே. சேப்பாக்கத்து ஜனங்கள் தோற்ற தினத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை ராயபுரத்திலும் கேட்க முடியும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதைக் கேட்பதற்கு முதலில் அங்கே ஒரு கோதா வேண்டும்.