பந்தைப் பிசைஞ்சா கை திரும்பாது

ஆரணி பக்கம் பட்டுத்தறி ஓட்டுறவங்களுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை இழுத்துக்கிட்டா, கையோட பிழைப்பும் நின்னுடுது. ஒரு கை நாடா கயிற்றை இழுக்கணும், இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்கணும். ரெண்டுல ஒண்ணு நின்னா சேலைக்கூலி கிடையாது. அதனால இந்த த்ரெட் கையைப் பத்தி மட்டும்.

வழக்கமா நடக்கிறது இது: கால் தேறி நாலு அடி நடந்ததும் வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. கைக்கு ஒரு ஸ்பிளின்ட், ஒரு ரப்பர் பந்து. மூணு மாசத்துல "இந்தக் கை இனிமே வராது"ன்னு தீர்ப்பு. (நடுவுல புறா ரத்தம் தடவுற கூத்து வேற. அதனால ஒரு பயனும் இல்லீங்க.) இந்தத் தீர்ப்பு ரொம்ப அவசரம்ங்கிறது என் கருத்து.

முதல்ல பந்து. பக்கவாதம் வந்த கையில விரலை மடக்குற தசைதான் பெரும்பாலும் இறுகி நிக்கும். விரிக்கிறதுதான் கஷ்டம். பந்தைப் பிசையறது ஏற்கெனவே மடங்கின கையை இன்னும் மடக்கப் பழக்குறது. டம்ளரைப் பிடிக்கிறதை விட, பிடிச்சதை விடுறதைப் பழகணும்.

அடுத்து ஸ்பிளின்ட். 2007-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. 63 நோயாளிகள். 4 வாரம் ராத்திரி ஸ்பிளின்ட் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் மணிக்கட்டு இறுக்கத்துல சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதுக்காக அதைத் தூக்கிப் போடச் சொல்லலை. உள்ளங்கையில நகம் குத்தாம, வியர்வை தேங்கிப் புண்ணாகாம பாத்துக்கும். சிலருக்குக் கட்டைவிரலை நிறுத்திப் பொருளைப் பிடிக்கவும் உதவும். கழட்டினதும் தோல்ல சிவப்பு மறையலைன்னா அளவு சரியில்லைன்னு அர்த்தம், தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க. ஆனா நாள் முழுக்கக் கட்டியே வெச்சா அந்தக் கை எப்போ வேலை செய்யும்?

வேலைதான் மருந்து. மூளையில செத்த பகுதி திரும்ப வராது. ஆனா திரும்பத் திரும்பச் செய்யும்போது மிச்சமுள்ள பகுதி அந்த வேலையைக் கத்துக்குது. 2006-ல் வெளியான எக்ஸைட் என்ற அமெரிக்க ஆய்வுல 222 பேர், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாசம் ஆனவங்க. நல்ல கைக்கு உறை மாட்டி, பாதிச்ச கைக்கு 2 வாரம் தீவிரப் பயிற்சி. அதுல கிடைச்ச முன்னேற்றம் ஒரு வருஷம் கழிச்சும் நின்னுச்சு. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரியுறவங்களுக்குத்தான் இது பொருந்தும். கொஞ்சமும் அசையாத கைக்கு வழி வேற, அதுக்குப் பொய் நம்பிக்கை தரமாட்டேன்.

பக்கத்துல வேலூர் சி.எம்.சி-யில டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால 1966-லேயே மறுவாழ்வு மையம் வந்தாச்சு. ஆனா வாரம் மூணு நாள் பஸ் ஏறினா கூலி போயிடும், கூட வர்றவங்க கூலியும் சேர்த்து. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபி வீடு தேடி வரும். பிரஷர் மாத்திரை வாங்குறதோட நிறுத்திடாதீங்க. தன்னார்வலர்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ இதையும் கேட்டு வாங்குங்க.

அவங்க தினமும் வர முடியாது. மீதி நாள் வீட்டுலதான் ஓடணும். நூல் கண்டை எடுத்து வைக்கிறது, ராட்டையில தார் சுத்துறது எல்லாமே பயிற்சிதான். தூக்கிவிடும்போது மட்டும் பாதிச்ச கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் விலகிடும்.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் வந்ததும் தறிக்கிட்ட கூட்டிட்டுப் போய், அந்தக் கை அங்க என்ன வேலை செஞ்சதுன்னு காட்டுங்க.