தனியாகத் தெரிய வேண்டுமாம்

என் அக்கா மகன் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் நைட் கிளப்புக்கு இன்டர்வியூ போனான். பாரில் நின்று ஊற்றிக் கொடுக்கிற வேலை. தாட்கோ மூலமாக ஹோட்டல் தொழில் படித்தவன். பயிற்சி கொடுத்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "முப்பது பேரு வந்திருப்பான். கூட்டத்துல நீ தனியாத் தெரியணும். நேரா நில்லு, கண்ணப் பாத்துப் பேசு, சிரிச்ச மொகமா இரு."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகத் தெரிவதை நமக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்? ஊருக்குத் தனியாகச் சேரி. டீக்கடையில் தனிக் குவளை. செத்தால் தனிச் சுடுகாடு. ஸ்காலர்ஷிப் பணம் வந்த அன்றைக்கு வாத்தியார் "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்கடா" என்றார். ஐம்பது பேர் நடுவில் அன்றைக்கு நான் தனியாகத்தான் தெரிந்தேன். பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. நம்ம அப்பனும் பாட்டனும் மெட்ராசுக்கு ரயில் ஏறியதே கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து காணாமல் போவதற்குத்தான்.

இன்டர்வியூவில் நடந்ததை அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன். தட்டில் ஆறு கிளாஸ் தண்ணீரை வைத்து நடக்கச் சொன்னார்கள். சொட்டு சிந்தாமல் நடந்தான். பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான். எந்தச் சரக்குக்கு எந்த கிளாஸ், எத்தனை மில்லி என்று கேட்டார்கள். சொன்னான். அதற்கப்புறம் ஆரம்பித்தது விசாரணை.

"எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"விழுப்புரம் பக்கம்னா? ஊர்ல எந்தத் தெரு?"

சொன்னான்.

"அப்பா என்ன பண்றாரு?"

"கட்டட வேலை சார்."

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னாடி என் மச்சான் பறை அடித்தவர். சாவுக்கு மோளம் அடிக்க மாட்டோம் என்று ஊரோடு சண்டை போட்டு, கூலி போய், நிலத்தில் வேலை போய், கட்டட வேலைக்கு வந்தவர். பையன் அதைச் சொல்லவில்லை. பேசாமல் நின்றிருக்கிறான். மேனேஜர் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு இவனைப் பார்த்துச் சொன்னாராம்: "ஸ்கில் ஓகே தம்பி. ஆனா ஃப்ரன்ட்ல நிக்கிற லுக் இல்ல. கிச்சன் ஸ்டூவர்டிங்ல வேணும்னா பாக்கலாம்."

கிச்சன் ஸ்டூவர்டிங் என்றால் என்னமோ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எச்சில் தட்டு கழுவுகிற வேலை.

"லுக் இல்லன்னா என்ன மாமா அர்த்தம்? நல்லாத்தான போயிருந்தேன்?" என்று கேட்டான். ஒரு மாசமாக முகத்தில் க்ரீம் தடவிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தோழர்களே, வட இந்தியாவில் பெயரின் வாலைப் பார்த்தால் சாதி தெரிந்துவிடும். இங்கே சுயமரியாதை இயக்கம் அந்த வாலை வெட்டியது. நல்ல காரியம். ஆனால் வாலைத் தேடுகிற கண்ணை அது வெட்டவில்லை. அதனால்தான் ஊர், தெரு, அப்பன் தொழில் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறான். அதிலும் பிடிபடவில்லை என்றால் தோலைப் பார்க்கிறான், நாக்கைப் பார்க்கிறான். இங்கிலீஷ் எந்த வீட்டில் கற்றது, எந்த ஸ்கூலில் கற்றது என்று காது வைத்துக் கேட்கிறான். இதற்கெல்லாம் அவன் வைத்திருக்கும் பெயர்தான் 'லுக்', 'பர்சனாலிட்டி', 'க்ரூமிங்'.

இதை வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். திறமைதான் எல்லாம் என்று சொல்லுகிற அதே வாய், 'குடும்பப் பின்னணி'யையும் கேட்காமல் விடுவதில்லை என்று தெரிந்தது. இது கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைகளுக்கே உள்ள கதை. உடம்பே விளம்பரமாக நிற்க வேண்டிய நைட் கிளப்பில் கேட்கவா வேண்டும்?

அந்த நைட் கிளப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாசலில் பவுன்சர். ஜிம்மில் ஏற்றிய உடம்பு, கறுப்புச் சட்டை, பல நேரம் கறுத்த தோல். அங்கே அந்தத் தோல் வேண்டும், ஏனென்றால் அங்கே அது பயமுறுத்துகிற வேலை. பின்கட்டில் தட்டு கழுவுகிறவர், கக்கூஸ் கழுவுகிறவர். அவர்களிடம் யாரும் லுக் கேட்பதில்லை. நடுவில், வெளிச்சத்தில், கையில் கிளாஸோடு நிற்கிற இடத்துக்கு மட்டும்தான் லுக் வேண்டும். ஊர்த் தெரு, சேரி, நடுவில் ஒரு வாய்க்கால் என்று நம் கிராமத்தை எடுத்து ஏ.சி. போட்டு வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. ராத்திரி ஏற ஏற டி.ஜே. என்ன போடுகிறான்? குத்துப் பாட்டு. வடசென்னைச் சேரியில் சாவு வீட்டுத் திண்ணையில் பிறந்த கானா. பறை அடி. மேல்தட்டுப் பிள்ளைகள் எல்லாம் விசிலடித்து ஆடுகிறார்கள். என் மச்சான் கையில் இருந்து வந்த அடி உள்ளே போகலாம். அவர் பிள்ளை போகக் கூடாது.

ராத்திரியில் யார் கண்ணுக்குத் தெரியலாம் என்பதைச் சட்டம் போட்டே தீர்மானித்த கதையும் இந்த நாட்டில் உண்டு. 2005இல் மகாராஷ்டிர அரசு டான்ஸ் பார்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. பெண்களின் மானத்தைக் காப்பாற்றவாம். ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கு விலக்கு. பீர் பாரில் ஆடினால் ஆபாசம், நட்சத்திர ஹோட்டலில் ஆடினால் கலை! அந்த பார்களில் பிழைத்தவர்களில் பலர் பேடியா, ராஜ்நட், தனாவத் என்று பரம்பரையாக ஆடிப் பிழைக்கும்படி வைக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள். அந்தத் தடையை 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2013இல்தான் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதுவரை அவர்கள் எதைத் தின்றார்கள் என்று யார் கேட்டது?

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது நம் தோழர் ஒருவரே எழுந்து கேட்டார்: "சாராயம் ஊத்திக் குடுக்கிற வேலைக்கா அம்பேத்கர் படிக்கச் சொன்னாரு?"

கேள்வி நியாயமானதுதான். குடியால் அழிந்த குடும்பங்கள் சேரியில் எத்தனை என்று எனக்கும் தெரியும். ஆனால் தோழரே, தீண்டாமை எங்கே குடியிருக்கிறது? தண்ணீரில்தானே? 1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் இறங்கி அள்ளிக் குடித்தது தாகத்துக்காகவா? நாம் தொட்ட தண்ணீர் என்று அப்புறம் அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்களே, மறந்துவிட்டதா? நமக்குத் தனிக் குவளை வைத்ததே நம் வாய் பட்டது அவன் வாயில் படக் கூடாது என்றுதான். பாரில் நிற்கிறவன் ஐஸைத் தொடுகிறான், எலுமிச்சையைப் பிழிகிறான், ஒவ்வொரு கிளாஸையும் கையில் எடுத்து நீட்டுகிறான். அது தொட்டுக் கொடுக்கிற வேலை. எச்சில் கிளாஸைக் கழுவ நம் கை ஆகும், நிரப்பிய கிளாஸை நீட்ட ஆகாது என்றால், அது டீக்கடைச் சட்டம் இல்லாமல் வேறு என்ன?

1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணமாக வைத்து எந்த வேலையிலும் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. 2015இல் திருத்திய வன்கொடுமைச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் மேனேஜர் சாதியின் பெயரைச் சொன்னால்தானே பிடிக்க முடியும்? அவர் 'லுக்' என்றுதானே சொல்கிறார்? 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் அந்த நட்சத்திர ஹோட்டல் தானாக ஒரு சொட்டு மது ஊற்ற முடியாது. 1981ஆம் ஆண்டு விதிகளின்படி அரசாங்கம் கொடுக்கிற எஃப்.எல்.3 உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம் வரிப்பணத்தில் நடக்கிற அரசு கொடுக்கிற உரிமம் அது. புதுப்பிக்க வரும்போது அரசு கேட்கட்டும்: வாசலில் எத்தனை தலித், பின்கட்டில் எத்தனை தலித், பாரில் எத்தனை தலித்? கணக்கை எழுத்தில் கொடு. ஊரையும் தெருவையும் அப்பன் தொழிலையும் இன்டர்வியூவில் கேட்காதே. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுதிக் கொடு. தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்று நாம் மேடையில் முழங்குகிறோமே, அதை இந்த உரிமத்தாளில் இருந்து ஆரம்பிக்கலாம்.

அதுவரை நம் பிள்ளைகளிடம், தனியாகத் தெரி என்று நாமும் சேர்ந்து சொல்ல வேண்டாம். அவன் தெரியாததால் அவர்கள் தள்ளவில்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் தள்ளினார்கள்.

பையன் அடுத்த வாரம் வேறொரு ஹோட்டலுக்குப் போகிறான். க்ரீமைத் தூக்கிப் போட்டுவிட்டான். "அப்பா முன்னாடி என்ன பண்ணாருன்னு கேட்டா என்ன மாப்ளே சொல்லுவ?" என்றேன்.

"பறை அடிச்சாரு, அப்பறம் அடிக்க மாட்டேன்னாரு. ரெண்டையும் சொல்லுவேன் மாமா."